பதினோராம் கட்டிலில் கேட்ட சத்தம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பைபிளை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மடியில் இருப்பது பைபிள்தானா என்று ஒருமுறை பிரித்தும் பார்த்துவிட்டேன். சாந்தோமில் என்னைத் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெயர் லியோனார்ட். வயது எழுபத்தொன்று. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி வந்த ஒரு காய்ச்சல், என் இதயத்தில் மைட்ரல் என்கிற வால்வைச் சுருக்கிவிட்டது. அதனால் அடையாறு பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக நான் பரீட்சை கேஸ். கட்டிலில் படுத்திருப்பேன். மாணவர்கள் ஸ்டெத் வைத்துக் கேட்டு, எந்த வால்வில் கோளாறு என்று எக்ஸாமினரிடம் சொல்ல வேண்டும். விடையை நான் சொல்லக் கூடாது. எல்லாரும் கேட்பார்கள். நானும் சொல்லிவிடுவேன்.

முதன்முதலில் என்னை அங்கே படுக்க வைத்தவர் பேராசிரியர் சிதம்பரநாதன். ஸ்டெத்தை உள்ளங்கையில் மூன்று முறை தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைப்பார். "லப்... டப்... அப்புறம் தூரத்துல பறக்கும் ரயில் போற மாதிரி ஒரு உறுமல். கேக்குதா?" என்று மாணவர்களைக் கேட்பார். ரிடையர் ஆகிக் கொட்டிவாக்கம் போய்விட்டார்.

போன பரீட்சையில் மாளவிகா என்று ஒரு பெண். தானே கேட்டு, மைட்ரல் என்று சரியாக எழுதிவிட்டாள். ஆனாலும் ஒரு சந்தேகம். "மைட்ரல்தானே தாத்தா?"

எனக்கு ஒரு குசும்பு. முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு வேறொரு வால்வின் பெயரைச் சொன்னேன். "அயோர்ட்டிக், கண்ணு."

அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். ஃபெயில்.

லஸ் முனை டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்தேன். நண்பன் கபாலி மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பொண்ணோட ஆறு மாசத்தத் துன்னுட்டு, மேல டீ வேற இன்னாத்துக்கு நைனா?"

அன்று டீ இறங்கவில்லை. அதற்குப் பிறகும் சரியாக இறங்கவில்லை.

மறு பரீட்சை. பதினோராம் கட்டில். என் கட்டிலுக்கு வரப்போகிறவர்கள் பட்டியலில் மாளவிகா பெயர் இருந்தது. இந்த முறை உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று படுத்திருந்தேன்.

காலை 9.40. வார்டில் கேஸ்கள் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் தூங்கினார்கள். ஐந்து பேரும் ஒரே பக்கம் திரும்பி...

9.43. மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

மாஸ்க் போட்ட ஒரு டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். பின்னால் ஏழெட்டு மாணவர்கள். செருப்புச் சத்தமே இல்லை.

ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்தார். ஒன்று... இரண்டு... மூன்று.

"சிதம்பரநாதன் சாரா?" என்றேன் சந்தோஷமாக.

"இடது பக்கம் திரும்பிப் படுங்க, லியோனார்ட்."

நெஞ்சில் வைத்தார். ஐஸ்.

அப்போதுதான் பார்த்தேன். ஸ்டெத்தின் மறுமுனை அவர் காதில் இல்லை. கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது...

"கேக்குதா?" என்றார்.

பின்னால் எல்லாத் தலைகளும் ஒன்றாக ஆடின.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"வெளையாட்டுக்கு, சார்..."

"அப்ப இந்தச் சத்தம் உங்ககிட்ட வேணாம். பாடம் எடுக்க நான் கொண்டுபோறேன்."

கடகட... கடகட...

என் நெஞ்சிலிருந்து கிளம்பியது.

கட்டில் கட்டிலாகத் தாண்டியது.

கதவு வரை போனது.

நின்றது.

9.47.

10.20-க்கு மாளவிகா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மைட்ரல், கண்ணு. அன்னிக்கு வேணும்னே மாத்திச் சொன்னேன். மன்னிச்சிரு. சத்தியமா மைட்ரல்."

"நீங்க பேசாதீங்க, தாத்தா."

கேட்டாள். திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டாள். முகம் வெளுத்தது.

"ஒண்ணுமே இல்லையே..."

கடைசியில் எழுதினாள். 'உறுமல் இல்லை. வால்வுகள் சரி.'

கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது முறையும் அந்தப் பெண்ணின் பரீட்சையைக் கெடுத்துவிட்டேன்.

எக்ஸாமினர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். தானே ஸ்டெத்தை வைத்தார். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... இன்னொரு எக்ஸாமினரைக் கூப்பிட்டார். அவரும் வைத்துப் பார்த்தார்.

"காதுல கேட்டத எழுதிருக்க. போம்மா, பாஸ்."

திரும்பிப் பார்க்காமல் போனாள். பார்த்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டம்.

வெளியே வரும்போது நர்ஸ் ஆலிஸிடம் கேட்டேன். "சிதம்பரநாதன் சார் வந்தாரே, எங்க?"

"இன்னா அங்கிள், காலையிலயேவா? அவரு தவறி மூணு மாசம் ஆவுது. உங்களயெல்லாம் உள்ள படுக்க வச்சப்புறம் பத்து மணி வரைக்கும் வார்டு பூட்டிக்கினு இருந்துச்சு. சாவி என்கிட்ட கீது."

போன வாரம் நந்தனத்தில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சுருங்கின வால்வு தானா சரியாகாது, பெரியவரே. உங்களுக்கு வால்வு நோய் வந்ததே இல்ல."