அறுபத்து மூவர் அன்று திறந்திருக்கும் கொல்லைக் கதவுகள்

குற்றம் சிலருக்கு ரத்தத்திலேயே ஓடுகிறது என்று மயிலாப்பூர்ச் சபை ஒன்றில் ஒரு பெரிய மனிதர் பிரசங்கம் செய்தார். கேட்ட எனக்குப் பொறுக்கவில்லை. அது பொய்யென்று காட்டவே சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டணத்து வரைபடமும் சிவப்பு மையுமாகக் கிளம்பினேன். திருட்டுப் போன வீடுகளைக் குறித்துப் பார்த்தால் காரணம் தானே தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

காலை ஏழு மணிக்கு டிராமில் போய் இறங்கினால் வெயில் ஏறுமுன் மாட வீதிகளைச் சுற்றிவிடலாம். வீடு வீடாக விசாரித்தேன். போனதெல்லாம் பித்தளைப் பாத்திரம். போனதெல்லாம் முந்தைய பங்குனியில், அறுபத்து மூவர் ஊர்வலம் வந்த பிற்பகலில். தெற்கு மாட வீதியில் ஒரு மாமி சொன்னாள்: "ஆத்துல எல்லாரும் வாசல்ல நின்னுண்டு சுவாமி பாத்துண்டிருந்தோம். கொல்லைக் கதவை யார் பாத்தா?" கள்ளனுக்குப் பரம்பரை எதற்கு? சந்துப் பக்கம் திறந்த கதவு போதாதா?

அங்கிருந்து, திருட்டென்றால் போலீஸ் முதலில் தேடிப் போகும் அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு ஜட்காவில் ஆறணா. வண்டிக்காரர் காசிம் பாய் முகம் சுளித்தார். "அங்க இன்னா கீது பாக்க? கேடிங்க இருக்கற எடம், ஐயா!" போலீஸ் பதிவில் பெயர் ஏறியவனுக்குத்தான் இங்கே கேடி என்று பெயர். திருடியிருக்க வேண்டும் என்பதில்லை, அப்பன் பெயர் இருந்தாலே போதும்.

முருகன் அப்படிப்பட்ட ஒரு கேடி. தியாகராய நகரில் எழும்பும் புது பங்களாக்களுக்குச் செங்கல் சுமக்கிறவன். அவன் மனைவி வேலம்மாள் நிறைமாதம்.

"திருநாளு வந்தா ரெண்டு நாள் முந்தியே ஆம்பளைங்கள எல்லாம் இட்டுக்கினு பூடுவாங்க, சாமி. முடிஞ்சாத்தான் உடுவாங்க. இந்தத் தபா நா புள்ள பெக்கற நேரம். அவரு கூட இருந்தாப் போதும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்கள் லாக்கப்பில் இருந்தபோதல்லவா திருட்டு நடந்திருக்கிறது! இதைவிடச் சாட்சி வேண்டுமா? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஆம்பளைங்க அத்தனை பேரும் உள்ளே இருக்கும்போதா போயிருக்கு?"

"ஆமாம் சார்."

"பலே! அப்போ பொம்பளைங்க வேலை. இந்த வருஷம் அவங்களையும் சேர்த்துப் பிடிச்சுட வேண்டியதுதான்."

கொல்லைக் கதவுகளைப் பற்றி மன்றாடினேன். "பெரிய மனுஷங்க வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லவா சார் எனக்குச் சம்பளம்?" என்று சிரித்தார். என் வரைபடத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

சொன்னபடியே செய்தார்கள். அறுபத்து மூவர் அன்று பிற்பகல், சுவாமி கிழக்கு மாட வீதியில் வரும்போது, வேலம்மாள் லாக்கப்பில் பெண் குழந்தை பெற்றாள். அதே பிற்பகல் மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் குடம் போயிற்று.

மறுவாரம் குடிசைக்குப் போனேன். வேலம்மாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முருகனுக்குக் கோபம்கூட இல்லை. "நீ வராம இருந்தீன்னா இவ வூட்லயே பெத்திருப்பா, இல்ல சாமி?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன்.

அறுபத்து மூவர் பார்க்க வருகிறவர்கள் இரண்டு மணிக்கே வந்துவிடுங்கள். அதற்குமேல் டிராமில் கால் வைக்க இடமிராது. மாட வீதியில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: வாசலுக்கு வருமுன் கொல்லைக் கதவைத் தாழிடுங்கள். போன குடத்துக்குப் பதில் நீங்கள் வேறு குடம் வாங்கிவிடுவீர்கள். ஆற்றங்கரையில் ஒரு குடும்பமே உள்ளே போகும்.