கொட்டகைக் கம்பத்து இடிதாங்கி

நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாத ஆள் நான். டூரிங் கொட்டகையில் எலக்ட்ரீஷியன். வயரில் கரண்ட் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான் என் வேதாந்தம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம், அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலில் கொட்டகை போட்டிருந்தோம். கித்தானைத் தைத்துத் தர லெப்பைக்குடிகாட்டிலிருந்து காசிம் பாய் வந்திருந்தார். வளைகுடாவில் பத்து வருஷம் பாய்மரப் படகில் வேலை பார்த்தவர். நடுக்கம்பத்தை அண்ணாந்து பார்த்ததுமே, "மொதலாளி, இதுக்கு இடிதாங்கி வைங்க" என்றார்.

"கம்பிய வெச்சு இடிய நாமளே கூப்புடணுமாக்கும்?" என்றார் முதலாளி.

"கூப்புடுறதுக்கு இல்லீங்க, வந்தா வழி காட்டுறதுக்கு. படகுல கம்பியோட நுனி கடல்ல கெடக்கும், இடிய கடல் வாங்கிக்கும். இங்க கடலுக்கு எங்க போறது? ஆழமா குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு தண்ணி ஊத்தணும்."

ஒருவழியாக முதலாளி சம்மதித்தார், குழி வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டடியில் பாறை, மேலே மண்டையைப் பிளக்கிற வெயில். இந்தக் கம்பி என்னத்தைக் கிழிக்கப்போகிறது என்று, கம்பி நுனியிலிருந்த செப்புத் தகட்டைக் காய்ந்த குழியிலேயே போட்டு, பலகையால் மூடிவிட்டு வந்துவிட்டேன். உப்பு என் மனைவி சரசுவின் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் போயிற்று, கரி இஸ்திரிப் பெட்டிக்கு.

மூன்றாம் நாள் முதல் ஆட்டம். சரசு எங்கள் ஏழு மாதப் பிள்ளையோடு பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பொட்டு மழை இல்லை, வெறும் இடியும் மின்னலும்தான். திடீரென்று நடுக்கம்பம் வெள்ளையாக எரிந்தது, காது அடைத்துப்போயிற்று. காய்ந்த குழி, என் சோம்பேறித்தனம், உள்ளே என் பிள்ளை. பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. கூட்டம் விசிலடிக்கிறது, சரசு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "படத்த ஏன் நிறுத்திட்டீங்க?" என்று என்னைத் திட்டுகிறாள்.

பின்பக்கம் ஓடினேன். பாயும் டார்ச்சோடு வந்தார். நம்பினால் நம்புங்கள், பலகையைத் தூக்கினால் குழி நிறையத் தண்ணீர். சும்மா நிற்கவில்லை, ஏறி ஏறி இறங்கியது. சுற்றிலும் மண் புழுதியாகக் கிடக்கிறது. பாய் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு நல்லா போட்டிருக்கியே தம்பி!" என்று முதுகில் தட்டினார்.

"ஆமாங்க பாய்" என்றேன். வேறு என்ன சொல்வது?

விடிந்ததும் போய்ப் பார்த்தேன், குழி காய்ந்து கிடந்தது. தகட்டை வெளியே எடுத்தால் அதில் ஒரு கிளிஞ்சல் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் கிளிஞ்சல் அதிசயமில்லை. எந்தக் காலத்திலோ கடலாக இருந்த மண் என்பார்கள், எங்கே தோண்டினாலும் வரும், அத்தனையும் கல்லாகிப்போனவை. இது கல் இல்லை. லேசாகத் திறந்திருந்தது. நான் விரலால் தொட்டதும் மூடிக்கொண்டது.