செல்வராணி டாக்டர் அறுத்துப் பார்த்த பல்

போன செவ்வாய்க்கிழமை காலையில் உப்பலில் இருக்கும் டாக்டர் வீட்டிலிருந்து போன் வந்தது. "டாக்டரம்மா போயிட்டாங்கண்ணே." பல் டாக்டர் செல்வராணியைத்தான் சொன்னார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவரிடம் வாயைத் திறந்து காட்டிய நீங்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

மல்லாபூரில் முலாம் பூசும் தொழிற்சாலையில், ஆசிட் தொட்டிமேல் குனிந்து பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். புகை பட்டுப் பட்டு முன்பற்கள் கூசும், சொரசொரக்கும். ஷிப்ட் முடிந்ததும் குழாயடியில் வரிசையாக நின்று செங்கல் தூளால் தேய்ப்போம். சுத்தம் செய்கிறோம் என்று நினைப்பு. கேட்டதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆசிட் பட்ட பல்லு கொஞ்ச நேரம் மெத்துன்னு இருக்கும். அப்பப் போயி செங்கலைத் தேய்ச்சா, நீங்களே சீவி எடுக்கிற மாதிரி. வெறும் தண்ணில கொப்புளிங்கண்ணே."

விழுந்த என் முன்பல்லைத் தாள்போல அறுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். இழை இழையாக, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தது.

"கிரேன் கம்பிவடம் மாதிரில்ல இருக்கு!" என்றேன்.

"ஹவ், ஆமாண்ணே, அதேதான். விரிசல் விழுந்தா நேரா ஓட முடியாது. இழைக்கு இழை திரும்பித் திரும்பியே களைச்சுப் போகும்."

பிறகு ஓரத்தைக் காட்டினார். இழைகளின் நுனி கரைந்து, பள்ளம் பள்ளமாக இருந்தது. "அடிச்சு உடைக்க முடியாததை அரிச்சுத் தின்னிருக்கு" என்றார்.

ஆசிட் புகையால்தான் பல் போனது என்று கம்பெனிமேல் புகார் கொடுத்தேன். விசாரணையில் மேனேஜர், நான் புகையிலை போட்டுப் பல்லைக் கெடுத்துக்கொண்டேன் என்றான். புகையிலையை நான் தொட்டதே இல்லை. எனக்காகச் சாட்சி சொல்ல வந்த டாக்டர், மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தை நீட்டியதும், "அது இவன் பல்லே இல்ல. இந்தம்மா சுடுகாட்டுல பொறுக்கினது" என்றான். விசாரித்த அதிகாரி சிரித்துவிட்டார். அன்றோடு என் புகாரும் போனது, வேலையும் போனது. "இன்னொண்ணு ஆடுதும்மா, அவன் முன்னாடியே பிடுங்குங்க" என்று கெஞ்சினேன். "பொய்யனுக்காகப் பல்லு பிடுங்க மாட்டேன்" என்றார். 'பல் பொறுக்கி' என்ற பெயர் அவருடைய ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது. ஓய்வு பெறும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் டாக்டர் வீட்டுக்கு அதே மேனேஜர் கையில் ரோஜா மாலையோடு வந்தான். இப்போது அவனும் கிழவன். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"அது என் பல்லுதான்னு சொல்லிட்டு உள்ள போ."

"அதெல்லாம் பழைய கதை பெரியவரே. இப்ப எதுக்கு?"

"அப்ப மாலை மட்டும் இப்ப எதுக்கு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. டாக்டரின் மகள் எழுந்து வந்தாள். "மாலை நக்கோ அங்கிள், வேணாம். அவர் கேட்டதைச் சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்து முனகினான்.

"சத்தமா" என்றேன்.

"அது இவர் பல்லுதான். நான் பொய் சொன்னேன்."

தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் நான் வழி விடவில்லை. "சொல்லிட்டேல்ல, கிளம்பு" என்றேன். மாலையோடே போனான்.

சாவு வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று சிலர் என்னைக் கேட்டார்கள். கேட்கட்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் மறந்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். செல்வராணி டாக்டர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.