மச்சாளுக்குச் சொல்லாமல் போன பயணம்

முப்பது வருடமாக நாங்கள் கோடை விடுமுறைக்கு ஜெர்மனி போய் வந்திருக்கிறோம். ஒஸ்லோவின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட் என்ற எங்கள் இடத்தில் காரை எடுத்தால் என் மச்சாள் வீட்டு வாசலில்தான் நிறுத்துவோம். அவர் என் கணவரின் அக்கா. கணவருக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு. பத்து நாள் அங்கே சாப்பாடு, வரவேற்பறையில் பாய் விரித்துப் படுக்கை, விடிய விடிய ஊர்வம்பு. பிறகு திரும்பி ஒஸ்லோ. ஜெர்மனியில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், மச்சாள் வீட்டுக்குப் பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒஸ்லோவிலேயே பிறந்த எங்கள் மகள் ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னாள். நோர்வேக்காரர் விடுமுறையை ஃபெரி என்பார்கள்.

“அம்மா, அது ஃபெரி இல்லை. சொந்தக்காரரைப் பாக்கிறது.”

சொன்னதோடு நிற்காமல் எங்கள் இருவருக்கும் ஒன்றைப் பதிவுசெய்தும் விட்டாள். மோசல் ஆற்றங்கரையில், வைனுக்கான திராட்சைத் தோட்டங்கள் நடுவே, ஐந்து நாள் சைக்கிள் பயணம். வழிகாட்டி கூட வரமாட்டார். இரண்டு சைக்கிளும் பாதை குறித்த ஒரு புத்தகமும் தருவார்கள். பெட்டிகளை ஒரு வான் வண்டிக்காரர் காலையில் ஏற்றிப்போய் அடுத்த ஊர் விடுதியில் வைத்துவிடுவார். நாங்கள் வெறுங்கையோடு மிதித்துப் போய்ச் சேர்ந்தால் சரி.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆற்றிலிருந்து மச்சாள் வீடு இரண்டு மணி நேரம்தான். அவ்வளவு கிட்டப் போய் எட்டிப் பார்க்காமல் வருவது எங்கள் ஆட்களிடம் சின்னக் குற்றமில்லை. கலியாண வீடுகளில் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். எட்டிப் பார்த்தாலோ ஐந்து நாளும் அங்கேயே முடிந்துவிடும். ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று கணவர் எனக்குக் கட்டளை போட்டார்.

முதல் இரண்டு நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றோடு ஒட்டிய சமதரைப் பாதை, இரண்டு பக்கச் சரிவிலும் திராட்சை. காலையில் யாரோ சுட்ட பாண் ரொட்டியை யாரோ என் முன்னால் வைத்தார்கள். பசித்த இடத்தில் நின்றோம். கணவர் ஒரு தோட்டக்காரரோடு கொடி வெட்டுவதைப் பற்றி அரை மணி நேரம் கையாலேயே விவாதித்தார். அந்த மனிதர் ஊற்றித் தந்த வெள்ளை வைனை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், வாய்விட்டுச் சிரித்தேன். வெட்கமே வரவில்லை.

மூன்றாம் நாள், கட்டளை போட்ட அதே மனிதர், ஒரு பச்சைத் திராட்சைக் குலையைக் கையில் ஏந்திப் படமெடுத்து, மகளுக்கென்று நினைத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பின்னால் ஊர்ப் பெயர்ப் பலகை வேறு பளிச்சென்று தெரிந்தது. அழிப்பதற்குள் மச்சாளின் அழைப்பு வந்தது. எந்த விடுதி என்று மட்டும் கேட்டார். சொன்னோம். உடனே வைத்துவிட்டார். அக்கா கோபித்து உறவை முறித்துவிட்டால் தனக்கு ஆர் இருக்கினம் என்று கணவர் அன்றிரவு இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் நாங்கள் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது மச்சாள் வந்து நின்றார். முதல் ரயிலில் தனியே வந்திருக்கிறார்; அவருடைய கணவர், எங்கள் அத்தான், தன் கடையை விட்டு அசையமாட்டார். கையில் மூன்று பைகள். புட்டும் கணவாய்க் கறியும் மணத்தன. கணவர் எழுந்து நின்று, நேரம் கிடைக்கவில்லை, கடைசி நாளில் வர இருந்தோம் என்று பொய்களை அவிழ்த்துவிட்டார். மச்சாள் முழுவதையும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“என்ரை வீட்டை வரேல்லை எண்டு எனக்குக் கோவமில்லை. முப்பது வருசமா ஒஸ்லோவாலை நீங்கள், லண்டனாலை மற்றவை எண்டு வந்த எல்லாருக்கும் சமைச்சுப் போட்டனான். உங்களுக்கு அது லீவு. எனக்கு எப்ப லீவு? ஒருத்தராவது என்னையும் வா எண்டு கேட்டனீங்களோ?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருடைய குசினியில் நாலு வெங்காயம் உரித்துக் கொடுத்ததைப் பெரிய உதவியென்று நினைத்திருந்த என் மீது எனக்கே எரிச்சல் வந்தது. அவரிடம் போகாமல் இருப்பதற்கு அத்தனை பயந்தோம். அவரைக் கூட்டிப் போகலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

“இப்ப வாங்கோ மச்சாள்,” என்றேன்.

மூன்றாவது பைக்குள் என்ன என்று பார்த்தால், இரண்டு மாற்றுடுப்பும் ஒரு பல்துலக்கியும். அவர் சண்டைக்கு வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

விடுதிக்காரி ஒரு மின்சார சைக்கிளை வாடகைக்குத் தந்தார். பெட்டி வானிலும் மனிதர் சைக்கிளிலுமா என்று மச்சாளுக்கு நம்பமுடியவில்லை. ஒருகாலத்தில் யாழ்ப்பாணம் முழுக்க மிதித்துத் திரிந்தவர். வெளிநாடு வந்தபின் தொட்டதில்லை. முதல் நூறு மீட்டர் சைக்கிள் வேலிப்பக்கமே இழுத்துக்கொண்டு போனது. அதன்பிறகு நாங்கள் அவருடைய முதுகைத்தான் பார்த்தோம். மணியை அடித்து அடித்து ஜெர்மன்காரரை ஒதுங்க வைத்தார். மதியம் ஆற்றங்கரையில் ஒரு மரவாங்கில் உட்கார்ந்து புட்டும் கறியும் சாப்பிட்டோம். கணவர் தம்பியாகவே மாறி, கடைசிக் கணவாய்த் துண்டுக்கு அக்காவோடு சண்டை பிடித்தார்.

அன்று மாலை அடுத்த ஊர் விடுதியில் மூவருக்கும் சாப்பாடு பரிமாறினார்கள். முடிந்ததும் பழக்கதோஷத்தில் நான் எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். மச்சாள் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்தபடி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இரும். அவையள் வந்து எடுப்பினம்.”