முப்பத்தஞ்சு செம்மறியும் ஒரு தாடிக்காரனும்

நம் வீட்டு டிவி மேல் ஒரு பேண்டுக்காரர் பொம்மை நிற்கிறது. சிவப்புச் சட்டை, தொப்பி எல்லாம் சரியாக இருக்கும். மூக்கு மட்டும் இல்லை. ஊதுகிற குழலும் பாதியோடு நின்றுபோயிருக்கும். போன வாரம் வந்த விருந்தாளிகளிடம் நீங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொன்னீர்கள். இரண்டும் தப்பு. நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் அன்றைக்கு அங்கே இருந்தவன். அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்போது பெரியவள் ரெண்டாவது படித்தாள். சின்னவன் பால்வாடி. நம்மிடம் முப்பத்தஞ்சு செம்மறியும் ஒரே ஒரு வெள்ளாடும் இருந்தன. ஒன்றே ஒன்று எதற்கு என்று கேட்பீர்கள். செம்மறிக்கு முன்னால் போகத் தெரியாது. முன்னால் போகிறதன் முதுகில் தலையை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றும் நடக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது என்ன செய்யும்? அது திரும்பிப் பின்னால் இருக்கிறதைப் பார்க்கும். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடினால் போதும், அரை நாள் கரையிலேயே நிற்கும். வெள்ளாடு அப்படி இல்லை. தலையைத் தூக்கிப் பார்க்கும், ஒரு தும்மல் போடும், இறங்கிவிடும். அதன் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டால் மற்றதெல்லாம் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

நம் வெள்ளாடு கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. கருவேப்பிலங்குறிச்சியில் ஒருவரிடம் செம்மறிக் குட்டி வாங்கப் போனபோது, தாயில்லாத குட்டி, இதையும் கொண்டுபோ என்று கையில் கொடுத்துவிட்டார். நம் செம்மறி ஒன்றிடம் பால் குடித்துத்தான் வளர்ந்தது. ஆனால் தன்னைச் செம்மறி என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அதுங்க எல்லாம் தன்னிடம் வேலை பார்க்கிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டது.

காலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் ஓட்டிப் போவேன். அங்கே புல்லும் கருவேலமும் கிடக்கிற காலி இடம் நிறைய. ஒரு பொம்மைக் கம்பெனியில்தான் உங்கள் அம்மா வேலை செய்தாள். அச்சில் ஊற்றி எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வெயிலில் வைக்கிற வேலை. மத்தியானம் பெண்கள் எல்லாம் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் சாப்பாட்டைப் பிரிப்பார்கள். வெள்ளாடு எங்கே மேய்ந்தாலும் அந்த நேரத்துக்குத் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டில் நிற்கும். அம்மா வாழைப்பழத் தோலோ, கடைசி வாய்ச் சோறோ போடுவாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வருஷம் பழனிக்கு முடி கொடுக்க வேண்டிக்கொண்டு நான் தாடி விட்டிருந்தேன். வெள்ளாட்டுக்கும் நல்ல தாடி. கேட்டில் அது தலை நீட்டியதும் கூட வேலை பார்க்கிற பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு. பசியோட நிக்கிறாரு பாருங்க."

"அவரு இல்லடி, அவரு இத்தன அழகா இருக்க மாட்டாரு."

முதலில் அம்மாவும் சிரித்தாள். தினமும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதோடு அந்த ஆடு சும்மாவும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டு முருங்கையை எட்டின வரைக்கும் மொட்டையடித்தது. டீக்கடையில் தொங்கின பேப்பரைத் தின்றது. அம்மா துவைத்துப் போட்ட புதுச் சட்டையின் ஒரு கையை மென்றுவிட்டது. அன்றைக்குச் சாயந்திரம் அவள் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். ஒன்று அது இருக்கணும், இல்லை அவள் இருக்கணும். நான் யோசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அதற்கும் திட்டு விழுந்தது.

மங்கலம்பேட்டையிலிருந்து ஆடு வாங்க வருகிற பாய் ஒருவர் இருந்தார். யாரோ துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நல்ல வெள்ளாடு வேணும் என்று அதை ஏற்கெனவே தடவிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் வார்த்தை கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன் என்றார். பெரியவளே, நீ அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு இருக்கிறது.

வெள்ளாடு போய்விட்டால் செம்மறிக்கு முன்னால் போக வேறு ஒன்று வேணுமே. எனக்கு ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை காலையில் வெள்ளாட்டை வீட்டிலேயே கட்டிப்போட்டேன். அதன் மணியை அவிழ்த்து, இருக்கிறதில் பெரிய செம்மறிக் கிடாவின் கழுத்தில் கட்டினேன். ஆட்டுக்கென்ன தெரியும், மணிச் சத்தம் போகிற பக்கம் போகும் என்று கணக்குப் போட்டேன். படித்தவன் இந்த மாதிரி ஒரு தப்பைச் செய்ய மாட்டான். ஆடு மேய்க்கிறவனும் செய்யக் கூடாது.

கிடாவுக்குக் குழப்பமாகிவிட்டது. மணி கேட்கிறது, வெள்ளாட்டைக் காணோம். இடது பக்கம் திரும்பிப் பார்த்தது. மணி அங்கே கேட்டது. வலது பக்கம் திரும்பியது. அங்கேயும் கேட்டது. தேடிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. முப்பத்துநாலும் அதன் பின்னால் சுற்றின. கொஞ்ச நேரத்தில் கிடா கடைசி ஆட்டுக்குப் பின்னால் வந்துவிட்டது. யார் முன்னால், யார் பின்னால் என்றே இல்லை, செக்கு மாதிரி சுற்றுகிறார்கள். ரயில்வே கேட்டில் கிடாவைக் கயிறு போட்டு இழுத்துத்தான் அந்தப் பக்கம் கொண்டுபோனேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் டீ குடிக்கப் போனேன். இதை உங்கள் அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். திரும்பி வந்தால் ஒரு ஆடுகூட இல்லை. கம்பெனிப் பக்கமிருந்து மணி கேட்டது. வெள்ளாடு அந்த நேரத்துக்கு எங்கே இருக்கும் என்று கிடா யோசித்திருக்கிறது. பாவம், சரியாகத்தான் யோசித்திருக்கிறது.

பொம்மையை அடுக்கிக் கட்ட வைக்கோல் ஏற்றி வந்த லாரிக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். முப்பத்தஞ்சும் உள்ளே போய்விட்டன. கொலுவுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. களம் முழுக்கப் பச்சைப் பொம்மை. பிள்ளையார், கிளி, பேண்டு செட்டு என்று பலகை பலகையாக. விரல் பட்டால் உடைகிற பதம். அவற்றுக்கு நடுவில் செம்மறிகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கின்றன.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்.

"யாரும் கத்தாதீங்க. கையத் தட்டாதீங்க. ஏம்பா, நீயும் கிட்டப் போகாத."

எனக்கும் தெரியும். ஒன்று மிரண்டால் முப்பத்தஞ்சும் மிரளும். அப்புறம் பிள்ளையாரும் இல்லை, கிளியும் இல்லை, அம்மாவுக்கு வேலையும் இல்லை. அம்மா கையில் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நிக்காதீங்க. வூட்டுக்குப் போயி அதை அவுத்துக்கிட்டு வாங்க."

முதலாளியின் டிவிஎஸ் வண்டியை வாங்கிக்கொண்டு பறந்தேன். வெள்ளாட்டை முன்னால் நிற்க வைத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திரும்பினேன். ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் சைக்கிளில் நின்ற ஒருவர் ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க என்று கேட்டார். பொம்மைக் கம்பெனிக்கு என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நான் திரும்பும் வரைக்கும் அங்கே ஒருவரும் அசையவில்லையாம். ஒரு கிழட்டுச் செம்மறி மட்டும் எதிரில் இருந்த பேண்டுக்காரரை நக்கிப் பார்த்திருக்கிறது. களிமண் ருசியாக இருந்திருக்கும் போல. மூக்கு, குழல் என்று சாவகாசமாக நக்கியதை அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகைகளுக்கு நடுவில் போனாள். கிடாவைத் தடவிக் கொடுத்தபடியே மணியை அவிழ்த்து, நாக்கு ஆடாமல் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். வெள்ளாட்டின் கழுத்தில் கட்டினாள். அது முதலில் வைக்கோல் லாரியைத்தான் பார்த்தது. அம்மா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு, களத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாள். அது பின்னால் நடந்தது. மணி கேட்டதும் கிடா தலையைத் தூக்கியது. தேடின ஆள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்தில், முதுகில் தலை வைத்து ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வந்தன. கேட்டில் நின்று எண்ணினேன். முப்பத்தஞ்சு. உடைந்தது இரண்டு கிளி.

அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை வெள்ளாடுதான் காலி செய்தது. அம்மா பட்டினி. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, ஒரு கை போன அந்தச் சட்டையை எடுத்துக் கரித்துணி ஆக்கினாள். அப்போதே எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வண்டியோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க பாய்."

"உங்க வூட்டுக்காரரு வார்த்த குடுத்தாரேம்மா?"

"அவருதான குடுத்தாரு. நான் குடுக்கலியே."

பாய் என்னைப் பார்த்தார். நான் வெள்ளாட்டைப் பார்த்தேன். அது அவருடைய வண்டியில் ஒட்டியிருந்த கல்யாண நோட்டீஸைத் தின்றுகொண்டிருந்தது. நேற்று நடந்ததைச் சொன்னதும் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ குடித்துவிட்டு, சேத்தியாத்தோப்பில் ஒரு ஆடு சொல்லி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினார். பெரியவள் அன்றைக்கு மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

நக்கின பேண்டுக்காரரை முதலாளி தூக்கிப் போடவில்லை. மற்றதோடு சூளையில் வைத்து, வர்ணமும் பூசி, கொலு லோடு போன அன்றைக்கு அம்மாவிடம் கொடுத்தார். உன் ஆடு செஞ்ச பொம்மை, நீயே வெச்சுக்க என்றாராம்.

திங்கட்கிழமை மத்தியானம் வெள்ளாடு வழக்கம்போலக் கேட்டில் தலை நீட்டியது. உங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். அம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாளாம்.

"ஆமாடி, வந்துட்டாரு. ஒரு வாய் போட்டுட்டு வரேன்."

அடுத்த மாசம் பழனிக்குப் போய் என் தாடியை எடுத்துவிட்டேன். அவனுடையது அப்படியே இருந்தது.