ஆயுத பூஜைக்கு மறுநாள் ஓட்டிய கிரெலின் பிளேட்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னீஷியனாக இருந்த காலத்தில், மேலதிகாரிக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. ரத்தத்தில் ஹார்மோனை நிறமாக்கி அளக்கும் எலைசா கிட்டுக்குத்தான் பயம். வெளிநாட்டிலிருந்து ஐஸில் வரும் சின்னப் பெட்டி; உள்ளே வரிசை வரிசையாகக் குழி வைத்த ஒரே ஒரு பிளாஸ்டிக் பிளேட். சொதப்பினால் அடுத்தது வர மாதக்கணக்காகும்.

அந்த வருஷம் கிட்டுக்காகக் காத்துக்கிடந்தவள் மலர், அச்சரப்பாக்கத்திலிருந்து வரும் பிஎச்.டி. மாணவி. பட்டினி போட்ட சுண்டெலிகளின் ரத்தத்தில் கிரெலின் என்ற பசி ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். சுண்டெலி கொடுப்பதே சில சொட்டு ரத்தம். பிரித்த பிளாஸ்மா முழுவதும் இந்த ஒரு பிளேட்டுக்கே சரியாகப் போனது. அவளுடைய ஃபெலோஷிப்பும் அந்த மாதத்தோடு முடிகிறது. பிளேட் போனால் தீசிஸும் போச்சு.

விஜயதசமியன்று ஆரம்பித்தால் நல்லது என்று மலர் பிடிவாதம் பிடித்ததால், லீவு நாளிலேயே ஓட்டினோம். பொழுதெல்லாம் பைப்பெட்டும் கையுமாக இருந்தோம். கடைசியில் வினையை நிறுத்தும் ஸ்டாப் சொல்யூஷன் விட்டதும் குழிகளில் அழகாக மஞ்சள் நிறம் நின்றது. கால் மணி நேரத்துக்குள், நிறத்தை எண்ணாக்கித் தரும் ரீடர் மெஷினில் படித்தாக வேண்டும். பிளேட்டை வைத்தோம்.

எங்கள் மேலதிகாரியான டாக்டர் பிரிண்ட் அவுட்டைப் பார்த்ததும் கத்தினார்.

"ப்ளாங்க்கே இவ்ளோ வருது! ஸ்டாண்டர்டும் தாறுமாறா கீது. ஐஸு உருகி வந்த அன்னிக்கே சொன்னேன், கிட்டு செத்துப்போச்சுன்னு."

ப்ளாங்க் என்றால் ஹார்மோனே சேர்க்காத குழி. அதில் நிறமே வரக்கூடாது. ஸ்டாண்டர்டு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க, தெரிந்த அளவு ஹார்மோனைப் படிப்படியாகக் கூட்டி விட்ட குழிகள். மலர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுக்கா. வூட்ல இன்னா சொல்லுவேன்?"

டாக்டர் பேச்சைக் கேட்டு பிளேட்டைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ப்ளாங்க் குழி தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. என் கிளவுஸ் விரலில்தான் மஞ்சள் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்!

"இன்னாடி இது?"

மலர் நாக்கைக் கடித்தாள். "நேத்து பூஜையில எல்லாரும் மெஷினுக்கு வெளிய பொட்டு வெச்சாங்கக்கா. நான் ரீடருக்குள்ள பிளேட் உக்கார்ற எடத்திலயும் வெச்சேன். என் பிளேட் நல்லா வரணும்னு வேண்டிக்கினே..."

கழுவிய பிளேட்டின் அடி ஈரமாக இருந்திருக்கிறது. பொட்டு கரைந்து முதல் வரிசைக் குழிகளின் அடியில் அப்பிக்கொண்டது. ப்ளாங்க்கும் ஸ்டாண்டர்டும் அந்த வரிசையில்தான். ரீடர் பாவம், சந்தனத்தையும் சேர்த்து அளந்திருக்கிறது.

ஸ்பிரிட் தொட்டு பிளேட்டின் அடியைத் துடைத்தேன். மலர் ரீடரின் தட்டைத் துடைத்தாள். நேரம் முடிவதற்குள் மறுபடி படித்தோம். ப்ளாங்க் சுத்தம், ஸ்டாண்டர்டு சீராக ஏறியது, பட்டினி எலிகளின் கிரெலின் எதிர்பார்த்தபடியே உயர்ந்திருந்தது. மலர் அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் எல்லாரையும் காரில் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போய் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். அப்படி நிம்மதியாக நான் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண் மிரட்டினால் முதலில் பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், அடியையும் சேர்த்து.

தீசிஸ் கொடுத்து முடித்த மலர் அடுத்த ஆயுத பூஜைக்கு வந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு ரீடர் பக்கம் போனாள். நான் முறைத்தேன். அவள் திரும்பி வந்து என் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"அன்னிக்கு ரீடருக்கு வெச்சது தப்புக்கா. ஒனக்குத்தான் வெச்சிருக்கணும்."