வீட்டில் பதினாறு, மெட்ரோவில் பதினெட்டு

நவம்பர் 22, சனிக்கிழமை. பால் காய்ச்சினேன். பால்கனிக் கம்பியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். ஆர்டர் நூல்கண்டுகளை நிறவாரியாகப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். டெல்லி ஜனக்புரியில் இந்த வீட்டிலிருந்தே குரோஷே பின்னல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். குளிர்காலச் சனிக்கிழமைகள் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும்.

அன்று நூலைப் பிரித்து முடிப்பதற்குள் மாடிவீட்டு மல்லிகா வந்துவிட்டாள். கையில் பாதி முடிந்த கார்டிகனின் முதுகுப்பகுதி.

"அக்கா, இது அளவுக்குச் சேராது. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

மல்லிகா அலுவலகம் போகிறவள். இதுவரை டீப்பாய் விரிப்பும் வாசல் தோரணமும்தான் போட்டிருக்கிறாள். அவை இரண்டு விரல் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். உடுப்பு அப்படியல்ல. கீழ்வீட்டு சுனிதா ஜி, மகள் நிச்சயதார்த்தத்தில் போட்டுக்கொள்ள இந்தக் கார்டிகனைக் கேட்டிருந்தார். மல்லிகாவின் முதல் உடுப்பு ஆர்டர்.

"இது மட்டும் சரியா வரலன்னா, இனிமே டீப்பாயோட நிறுத்திக்கிடுதேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவள் அவசரக்காரி அல்ல. ஆரம்பிக்கும் முன்பே மாதிரித் துண்டு போட்டிருந்தாள். நாங்கள் ஸ்வாட்ச் என்போம். 5 மி.மீ. ஊசியில் இருபத்துநான்கு ஸ்டிச், அதாவது பின்னல் கண்ணி, துவைத்து, இழுக்காமல் மேஜையில் பரப்பிக் காயவைத்தது. ஓரங்கள் எப்போதும் கோணும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு எண்ணினேன். பதினாறு ஸ்டிச். முதுகு ஐம்பது சென்டிமீட்டர் வேண்டும், ஆகவே எண்பது ஸ்டிச். அவள் கணக்கில் தவறே இல்லை.

முதுகுப்பகுதியை மேஜையில் விரித்தேன். அடியில் அகலம் நாற்பத்துநாலரை இருந்தது. சற்று மேலே ஐம்பது. அதற்கும் மேலே மறுபடி நாற்பத்துநாலரை. ஓரம் மத்தளம் மாதிரி நடுவில் புடைத்திருந்தது. ஸ்டிச்சை எண்ணினேன். எல்லா வரிசையிலும் எண்பதுதான். ஆனால் குறுகிய இடத்தில் பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டு விழுந்திருந்தது.

"ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே கை. எப்படிக்கா இப்படி ஆவும்?"

"எங்கே உட்கார்ந்து போட்டாய்?"

அவள் அகலமான பட்டையைத் தொட்டாள். "இது ஞாயித்துக்கிழமை. சோபால காலை நீட்டிக்கிட்டு." குறுகலானதைத் தொட்டதும் சிரித்துவிட்டாள். "இது மெட்ரோல, ரஜோரி கார்டன்லா! லேடீஸ் கோச்ல ஒரு பக்கம் ஒருத்தி பை, இன்னொரு பக்கம் ஒருத்தி முழங்கை. கையை ஒடுக்கிக்கிட்டுல்லா போட்டேன்!"

ஸ்வாட்ச் எங்கே போட்டாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சோபாவில்தான்.

மெட்ரோவை விட்டுவிட்டால் அவளுக்குப் பின்னுவதற்கு நேரமே இல்லை. கை ஒடுங்கினால் ஸ்டிச்சும் இறுகும்; ஆகவே மெட்ரோவுக்கென்று சற்றுப் பெரிய தனி ஊசி வேண்டும். 5.5 மி.மீ. ஊசியை எடுத்துக்கொண்டு இருவரும் ஜனக்புரி வெஸ்டில் ஏறினோம். போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. கூட்டம் நெருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு மெட்ரோ ஏறியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திலக் நகரில் எங்கள் பிரார்த்தனை பலித்தது. பக்கத்தில் வந்து இடுக்கிக்கொண்ட அம்மாளிடம் மல்லிகா, "ஆயியே ஆயியே, வாங்க, இன்னும் நெருக்கி உக்காருங்க" என்றாள். அந்த அம்மாள் சந்தேகமாகப் பார்த்தார். ராஜீவ் சௌக் போய்த் திரும்புவதற்குள் அந்த ஊசியில் மல்லிகாவின் புது மாதிரித் துண்டு முடிந்தது.

வீட்டு மேஜையில் அளந்தேன். பதினாறரை.

"அரைதானே அக்கா, விட்டுருவோமா?"

விடக்கூடாது. எண்பது ஸ்டிச்சில் அந்த அரை, ஒன்றரை சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஆனால் இன்னும் துவைக்காத துண்டு. துவைத்தால் இந்த நூல் சற்றுத் தளரும். எவ்வளவு என்று காய்ந்தபிறகுதான் தெரியும். தண்ணீரில் நனைத்து, டவலில் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே பரப்பினேன்.

சாயங்காலம் சுனிதா ஜி அளவு பார்க்க வந்தார். மேஜையில் உள்ளங்கை அகலத்துக்கு அந்த ஈர ஸ்வாட்ச் கிடந்தது.

"பஸ், இத்னா சா? இவ்வளவுதானா? இதை நானா போட்டுக்கறது, என் பொம்மையா?"

மல்லிகாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதுகுப்பகுதியை விரித்து, எது மெட்ரோ எது சோபா என்று ஹிந்தியில் சொன்னாள். சுனிதா ஜி பட்டைகளைத் தடவிப் பார்த்தார். "அச்சா! அப்போ நீ களைச்சுப்போனதெல்லாம் என் முதுகுல எழுதியிருக்குமா? அரே, பிரிச்சுப் போடு. இன்னும் நாள் இருக்கு." பிறகு டீ கேட்டார். மல்லிகா அப்போதுதான் நாற்காலியில் முழுதாகச் சாய்ந்தாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவரை நூலையும் ஊசியையும் மட்டுமே சொல்லிவந்தேன். இனி இதையும் சொல்வேன். உடுப்பை எங்கே உட்கார்ந்து பின்னப்போகிறீர்களோ, ஸ்வாட்ச்சையும் அங்கேயே உட்கார்ந்து போடுங்கள். இரண்டு இடமென்றால் இரண்டு ஸ்வாட்ச்.

ஞாயிறு காலை அடுப்பைப் பற்றவைக்கும் முன் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. ஸ்கேலை வைத்து, இரண்டு குண்டூசி குத்தி, நடுவில் எண்ணினேன். சோபாத் துண்டைப் போலவே பதினாறு. மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன். மல்லிகா பல்துலக்கும் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, "முதுகைப் பிரிச்சிரட்டுமாக்கா?" என்றாள்.

"பிரி" என்றேன்.